அப்பா கேட்ட போட்டோ

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஆள் உயரக் கற்சிலை ஒன்றின் பக்கத்தில், அதைப் போலவே கண்ணை உருட்டி, இரண்டு கையையும் வயிற்றில் வைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நாற்பது வயதுக்காரன் செய்கிற காரியமா இது என்று யாரும் கேட்கலாம். அழித்துவிடலாம் என்று பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.

நாங்கள் பயிர் வைக்கிற காடு கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில் இருக்கிறது. மரவள்ளிக்கு உழும்போது சில சமயம் உள்ளங்கை அளவில், வழவழவென்று, ஒரு முனை மட்டும் கூராக ஒரு கல் கிளம்பும். எந்தக் காலத்து மனிதர்களோ தேய்த்துச் செய்த கற்கோடாரி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அது சாமிக்கல். அதை வீட்டுக்கும் கொண்டுவரக் கூடாது, கிடந்த இடத்திலும் விடக் கூடாது. ஏரை நிறுத்தி, கல்லைக் கழுவி, மரத்தடிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கே அப்படி ஒரு குவியலே உண்டு. அதில் பாதி தான் வைத்தது என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். பொய்தான், நாங்கள் யாரும் மறுத்ததில்லை.

எனக்குப் பயணிகள் கப்பலில் துணி துவைக்கும் வேலை. அடுத்த வாரம் பசிபிக் கடலில் ஒரு பாலினேசியத் தீவுக்குப் போகிறோம், அந்த ஊர்க்காரர்கள் பழங்காலத்தில் சாமி கும்பிட்ட இடமும் கற்சிலைகளும் அங்கே இருக்கிறதாம் என்று போனில் சொன்னேன். அப்பாவின் குரல் ஏறிவிட்டது.

“நம்ம கல்லாட்டம் இருக்குதான்னு பாரு கண்ணு. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு. மூஞ்சி நல்லாத் தெரியோணும்.”

“எந்த மூஞ்சிங்கப்பா? கல்லு மூஞ்சியா, என் மூஞ்சியா?”

“ரெண்டுந்தான். எது எதுன்னு நான் கண்டுபுடிக்கோணுமல்ல.”

அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சளி என்றார். நானும் சரி என்றேன்.

தீவில் எங்களுக்கு நாலு மணி நேரம் விடுப்பு கிடைத்தது. வழி நெடுக சீமைப்பலா மரங்கள். நம் பலாவுக்குப் பிறந்த சவலைப் பிள்ளைகளைப் போலச் சின்னச் சின்னக் காய்கள். மேலே ஏறினால் பாசி பிடித்த பெரிய கல்மேடைகள், ஒரு ஆலமரம், அதன் நிழலில் அந்தச் சிலைகள். பெரிய வட்டக் கண், காதுவரை வாய், குட்டைக் கால். ஊர்க்காரப் பெண்மணி ஒருவர், என் அத்தை வயதிருக்கும், எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

நடைபாதை ஓரத்தில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. வழவழப்பு, உள்ளங்கை அளவு. என் கை தானாகப் போய்விட்டது. எடுத்தேன், பாட்டில் தண்ணீரில் கழுவினேன், ஒரு சிலையின் காலடியில் வைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் வைத்தேன். பெண்மணி ஓட்டமாக வந்தார்.

“இங்கே கல்லை யாரும் எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

எங்கள் ஊர் வழக்கத்தையும், அப்பாவையும், பிள்ளையாரையும் என் கப்பல் ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் உங்கள் ஊர்க் கல்லுக்கு. இது எங்கள் கல்” என்றார். மானம் போனது. கல்லைத் திரும்பக் கொண்டுபோனால், இருந்த இடம் மறந்துவிட்டது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று அவரே கேட்டார். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, போய்க் கையை வயிற்றில் வைத்து நின்றேன்.

மாலை கப்பலுக்குத் திரும்பியதும் தங்கையின் போனுக்கு அனுப்பினேன். அப்பா அவளோடுதான் இருந்தார். ஊரில் அப்போது மறுநாள் காலை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘அப்பாவுக்குக் காட்டிட்டேன்.’

அதற்குப் பிறகு ஏழு வாரம் அப்பாவிடம் பேச முடியவில்லை. காட்டுக்குப் போயிருக்கிறார், சிக்னல் இல்லை, காது சரியாகக் கேட்கவில்லை என்று தங்கை ஏதாவது சொல்வாள். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது என்பதுதான் சரி. வேலைக் களைப்பில் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து வந்தபோது, செம்மேடு பஸ் ஸ்டாண்டில் தங்கை தனியாக நின்றாள். பையை வாங்கிக்கொண்டாள். “ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணுங்கண்ணா” என்றாள்.

சொன்னாள். என்னால் பாதியில் வரவும் முடியாது, நடுக்கடலில் தனியாகக் கிடந்து அழுவேன் என்று எல்லோருமாகப் பேசி மறைத்துவிட்டார்களாம். பெரியப்பா மகன்தான் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்து எல்லாம் செய்தாராம். என்றைக்கு என்று கேட்டேன். தேதி சொன்னாள். நான் போட்டோ அனுப்பிய நாள்தான், போனைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை.

துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. வேறு யாரும் கையில் கிடைக்காததால் அவள்மேல் வந்தது.

“அன்னைக்கே பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டியா? காட்டிட்டேன்னு எழுதினியே.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அது பொய் இல்லீங்கண்ணா. வாசல்ல படுக்க வெச்சிருந்தாங்க. தூக்கறதுக்கு முன்னாடிதான் உங்க போட்டோ வந்துச்சு. மூஞ்சிகிட்டக் கொண்டுபோயி, அண்ணன் அனுப்பியிருக்குது பாருங்கப்பான்னு காட்டுனேன். எல்லாரும் பாத்துட்டுத்தான் நின்னாங்க.”

எவ்வளவு நேரம் காட்டினாய் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“போன் லைட்டு அணையற வரைக்குங்கண்ணா” என்றாள்.