லேப்டாப்பில் ஏறாத தாய்மாமன்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பரசுராமனுக்கு யாரையும் வெறும் பெயரில் குறிப்பிட வராது. டீக்கடைக்காரர்கூட அவர் வாயில் 'தேநீர்க்கடை உரிமையாளர்' ஆகிவிடுவார். ஒருமுறை கல்யாண ஆல்பத்தில் ஒரு பெரியப்பாவின் பெயர் விட்டுப்போய், அவர் வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அதிலிருந்து இந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கும் தொற்றிக்கொண்டது. படங்களைப் போட்டுவைக்கும் ஃபோல்டருக்கு, கல்யாணப் பத்திரிகையில் உள்ளபடி இரு வீட்டார் பெயரையும் ஊரோடு வைப்பார். உள்ளே, சாதாரண விருந்தாளி படத்துக்கு வெறும் எண். முக்கியமானவர் என்றால் பட்டம் பதவியெல்லாம் உண்டு.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பூமிகாவின் கல்யாணப் படங்களையும் அப்படித்தான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். மறுநாளே அவளுடைய தாய்மாமன் துளசிராமன் மீஞ்சூரிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்து இறங்கினார்.

"இன்னா பரசு, பந்தியில தண்ணி ஊத்தினவன் படம்லாம் இதுல ஏறிக்கீது. சீர்த்தட்டு தூக்கினு வந்த என் படம் மட்டும் ஏறமாட்டேங்குது?"

பரசுராமன் பதறிப்போய்த் தாமே ஏற்றிப் பார்த்தார். எண் போட்ட படங்கள் சரசரவென்று போயின. தாய்மாமன் முறை வந்ததும், பெயர் நீளமாக இருக்கிறது என்று திரை மறித்தது. விண்டோஸ் படத்தின் பெயரை மட்டும் அளப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள ஃபோல்டர்களின் பெயர்களையும் கூட்டித்தான் அளக்கும். மொத்தமும் ஏறக்குறைய இருநூற்றறுபது எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் புள்ளியும் கொம்பும்கூடத் தனிக்கணக்கு. பென்டிரைவில் மட்டுமட்டாக நின்றது, லேப்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனதும் அளவு தாண்டிவிட்டது. மரியாதை கூடியவர்களெல்லாம் வெளியே நின்றார்கள்.

"அண்ணே, உங்க பேரைக் கொஞ்சம் சுருக்கினா ஏறிடும். 'ஊர்ப் பெரியவர்'னு கீறதை எடுத்துடட்டுமா?"

"அப்போ நான் சின்னவனா?"

"'கூட்டுறவுச் சங்க முன்னாள் துணைத்தலைவர்' இருக்குதே, அது?"

"யோவ், ரெண்டு தபா நின்னு தோத்து, அப்புறம் ஜெயிச்சது அது!"

துளசிராமனின் பார்வை மெல்லத் திரையின் மேல்பக்கம் போனது. அங்கே வெளி ஃபோல்டரில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள் வரிசையாக நின்றன.

"இவங்கள்லாம் இங்க இன்னாத்துக்கு? எடுத்துடு."

சம்பந்தி வீட்டார் பெயரில் கைவைக்கப் பரசுராமனுக்குப் பயம்தான். என்றாலும் ஒவ்வொருவராக அழித்து, 'பூமிகா கல்யாணம்' என்பதை மட்டும் மிச்சம் வைத்தார். தாய்மாமன் ஒரு நொடியில் ஏறிவிட்டார். தன் படத்தையும் அடியில் இருந்த முழுப் பெயரையும் பார்த்த துளசிராமன், இருவருக்கும் டீ வரவழைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பரசுராமன் மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துவைத்திருந்த பென்டிரைவைச் செருகினார். அதில் சம்பந்திகள் பெயரை அப்படியே விட்டுவிட்டு, தாய்மாமன் படத்துக்கு வெறும் எண்ணைப் போட்டார். மனசு கேட்கவில்லை. எண்ணுக்குப் பின்னால் 'ஐயா' என்று சேர்த்தார்.