வெந்நீரில் கழுவிய கல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு வெள்ளையக்கா என்ற பேர் சும்மா வரவில்லை. படுக்கை விரிப்பில் ஒரு கறையைக் காட்டினால் போதும், அது ரத்தமா, மருந்தா, சாப்பாடா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக்கு வெந்நீர், எதற்கும் மசியாததற்கு பிளீச்சிங். அவள் கையிலிருந்து கறையோடு தப்பித்த துணி கிடையாது. கிழிந்து தப்பித்தது உண்டு. வீட்டிலும் இதே கதைதான். விருந்தாளி டம்ளரைக் கீழே வைத்த மறு நிமிஷம் அது கழுவிக் கவிழ்த்திருக்கும், பாதிதான் குடித்திருந்தாலும் சரி.

அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சுரண்டுகிறவர். பழுது பார்க்கக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தியதும், அடிவயிற்றில் வருஷக்கணக்காக ஒட்டி வளர்ந்திருக்கும் சிப்பியையும் பாசியையும் இரும்புத் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். கூட்டாளிகள் அவரைச் சுரண்டி என்றே கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள், "ஒருத்தி துவைக்கிறவ, ஒருத்தன் சுரண்டறவன், இந்த வீட்ல தூசி எங்கய்யா போய் உக்காரும்?" என்று கேலி பண்ணிவிட்டுப் போனார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் சொன்னார், கப்பல் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் அந்தச் சிப்பிக் கூட்டம் டிக் டிக்கென்று சத்தம் போடுமாம். காது கொடுத்துக் கேட்டால் தகட்டைக் கையில் எடுக்கவே மனசு வராதாம். "உயிரோட இருக்கிறது சத்தம் போடத்தானே செய்யும்" என்றார். "அய்யே, மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் இவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் சொட்டுமே, அப்படி ஆகிவிட்டது. ஒரு சொல் வரும். கேட்கிறவர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணலாம். அப்புறம் அடுத்த சொல் வரும், அல்லது வராது.

வெள்ளையக்காவுக்கு ஆயிரம் வேலை தெரியும், காத்திருக்க மட்டும் தெரியாது. அவர் "ஜன்னல..." என்று இழுத்தால், "குளுருதா? இதோ" என்று போய்ச் சாத்திவிட்டு வருவாள். "தலகாணி..." என்றால் வாயை மூடுவதற்குள் ஒன்றுக்கு இரண்டாக முதுகுக்குக் கொடுத்திருப்பாள். "அவரு வாயத் திறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடும்" என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த மனுஷன் உடம்பில் ஒரு புண் கிடையாது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. அவரை அவள் கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அவர் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. காலையில் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாரென்றால் பொழுது சாயும்வரை அந்தச் சுவர்தான். சாப்பாடு பாதியாகி, பிறகு கால்வாசி ஆயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் வாசலில் வைத்து அவளிடம் சொன்னார்: "உடம்புல புதுசா ஒண்ணும் இல்லம்மா. அவருக்கு இருக்கணுங்கற ஆசை விட்டுப்போயிட்டிருக்கு. அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. எதுலயாவது மனசு போகுதான்னு பாருங்க. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது."

அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். ரேடியோ வாங்கினாள், டிவியைக் கட்டிலுக்கு எதிரே நகர்த்தினாள். அவர் திரும்பவில்லை.

திரும்ப வைத்தது பல்வலி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள். கூட்டம், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. அந்த அறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. உள்ளே கன்னங்கரேலென்று பாசி பிடித்த கற்கள், கற்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அவர் அதையே பார்த்தார். திடீரென்று தொட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். சீட்டு கொடுக்கும் பெண் நிமிராமலே, "கல்லு பொந்துக்குள்ள ஒரு குட்டி இறால் இருக்குங்க. கொடுக்கால தட்டும். நாங்களே அதப் பார்த்ததில்ல, சத்தந்தான்" என்றாள். மறுபடியும் 'டிக்'. அவருடைய வாயின் இடது பாதி சிரித்தது. வெள்ளையக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வருஷமாயிற்று. பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

அந்தப் பல் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார், தொட்டியை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் பேரம் பேசவில்லை. வாழ்க்கையிலேயே அவள் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். மீன் வளர்ப்பைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சீட்டுக்காரப் பெண் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். உப்பை எந்த அளவில் கலப்பது, சூடு எவ்வளவு இருக்க வேண்டும், தீனி ஒரு சிட்டிகை, அதற்கு மேல் கூடாது. கற்களைத் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்துக் கொண்டுபோக வேண்டும், காயவிடக் கூடாது. அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. யாராவது அப்படிச் செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

தொட்டி வந்து இறங்கியது. கற்கள் நான்கு வாளிகளில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே. மீன்கள் மூடி போட்ட தனி வாளியில், காற்றுக் குழாயோடு. வெள்ளையக்கா கற்களைக் கிட்டத்தில் பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. கொழகொழவென்று பழுப்புப் பாசி, பொந்துக்குப் பொந்து மயிரிழை மாதிரிப் புழு. பல் டாக்டர் அறையில் வருஷக்கணக்கில் கிடந்த சனியன், இதையா நோயாளி பக்கத்தில் வைப்பது!

அப்போது வாளியிலிருந்து 'டிக்' என்றது. அவர் சுவரை விட்டுத் தானாகவே திரும்பினார். கண் விரிந்தது. கையை வாளிப்பக்கம் நீட்டி, "கல்லுல..." என்றார்.

"அழுக்குதானே? நானும் அதத்தான் பார்க்கறேன். தேய்ச்சிக் கொண்டாந்துடறேன், அப்புறம் பாருங்க!"

அவர் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வாளிகளை ஒவ்வொன்றாகக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பிளீச்சிங். தேய்க்கிற பிரஷ். தொட்டியின் அடிமணலையும் விடவில்லை, வடிகட்டியின் பஞ்சையும் விடவில்லை. வாசனை துளியும் நிற்கக் கூடாதென்று பதினோரு தண்ணீர் அலசினாள். மூன்று மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தபோது கற்கள் எலும்பு மாதிரி வெளுத்திருந்தன. புதுத் தண்ணீரில் அளவு பார்த்து உப்பைக் கலந்து, சூடேற்றி, கற்களை அழகாக அடுக்கி, மீன்களை விட்டாள்.

"எப்படி?" என்றாள்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலது கண்ணில் எப்போதும் வழிவதுதான். இந்தத் தடவை இரண்டிலும் வழிந்தது. சந்தோஷம் என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சந்தோஷமாகத்தான் நான்கு நாள் போயிற்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. விடிந்தால் தொட்டி, சாய்ந்தால் தொட்டி. சாப்பாடு தட்டில் மிச்சமில்லாமல் போயிற்று. அவள் தான் வேலை பார்த்த சலவைக்கூடத்துக்கே போய் எல்லோரிடமும் சொல்லி மாய்ந்துபோனாள். மீனை விட மனுஷன்தான் அதிகம் தின்கிறார் என்று அங்கே ஒருத்தி சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் கம்பியைத் தட்டி அவளைக் கூப்பிட்டு, "தீனி..." என்றார்.

"பசியா? பாவம். இதோ போடறேன்." ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகையாகப் போட்டாள். அவர் கம்பியை மறுபடியும் தட்டினார். "போட்டாச்சுங்க, போட்டாச்சு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை சின்ன மீன் பக்கவாட்டில் மிதந்தது. பெரியது கண்ணாடியோரம் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தது. வெள்ளையக்கா அந்தச் சீட்டுக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"உப்பெல்லாம் சரியாத்தாம்மா கலந்தேன். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. கல்லக்கூட நல்லா கழுவித்தான் போட்டேன்."

மறுமுனையில் அந்தப் பெண் கேட்டாள்: "எதுலக்கா கழுவினீங்க?"

அவள் சொன்னாள்.

"அய்யோ அக்கா. அது வெறுங்கல்லு இல்லக்கா. அதுல கண்ணுக்குத் தெரியாத உயிர் கோடிக்கணக்குல ஒட்டியிருக்கும். மீனோட கழிவு, மிச்சத் தீனி எல்லாத்தையும் தின்னு தண்ணியச் சுத்தம் பண்றதே அதுங்கதான். அதுங்க இல்லன்னா அந்தக் கழிவே விஷமாயிடும். பார்வைக்குத் தண்ணி தெளிவாத்தான் தெரியும். இப்பப் பாதித் தண்ணிய மாத்துங்க. ஆனா..."

பாதித் தண்ணீரை மாற்றினாள். மாற்றிக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன் அடியில் போய்ப் படுத்தது. பிறகு அசையவில்லை. இரண்டையும் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். இறாலின் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். வெந்நீரை ஊற்றிய அன்றே நின்றுபோயிருந்தது. ஐந்து நாளாக இந்த வீட்டில் அந்த 'டிக்' கேட்கவில்லை, அது அவள் மண்டையில் ஏறவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, உங்களுக்குத் தெரியுமா? கல்லக் கழுவக் கூடாதுன்னு?"

அவர் வாயைத் திறந்தார். "கல்லுல..." என்றார். அன்றைக்குச் சொன்ன அதே சொல். அவளுக்குப் பேச்சு நுனிநாக்கு வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"உயிரு... இருக்கு." மூச்சு வாங்கினார். "கழுவாதன்னு... சொல்ல... வந்தேன்."

"தீனி போடச் சொன்னது?"

"போடாத... ன்னு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க சொல்லி நான் எதையாவது கேக்காம இருந்திருக்கேனா?"

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நீ... விடலியே" என்றார்.

பிறகு கம்பியைப் பிடித்தார். அவள் உதவிக்குப் போகுமுன், மெள்ள மெள்ள, தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளையக்கா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த பனியன், ஒரு கறை கிடையாது. இரண்டு வருஷத்தில் எத்தனை பேச்சைத் தன் கையாலேயே கழுவிவிட்டிருப்பாள்? தலையணை வேண்டுமென்றாரா, வேண்டாமென்றாரா? விளக்கைப் போடச் சொன்னாரா, அணைக்கவா? ஒன்றும் தெரியவில்லை. அவர் மனசு தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே!

"ஏங்க" என்றாள். "அன்னிக்கு ஜன்னல... திறக்கச் சொன்னீங்களா, சாத்தச் சொன்னீங்களா?"

தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பளிங்கு மாதிரித் தண்ணீரில் வெள்ளைக் கற்கள் கிடந்தன. அவள் பத்து வரை எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். மத்தியானச் சாப்பாடு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, எழுந்து எடுக்கவில்லை. எத்தனை நேரமானாலும் சரியென்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவர் பதில் சொல்லவில்லை.