கண்டல் கரையின் ஐந்தாம் வருட அறிக்கை

எங்கள் சபையின் கூட்டக் குறிப்புக் கொப்பியில், என் கையெழுத்தில், அன்று வந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. விவசாயிகள் சங்கத் தலைவர். எங்கள் ஊரின் அரச அலுவல் பார்க்கும் விதானையார். பக்கத்து ஊர்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர். யாழ்ப்பாணத்து உதவி நிறுவனத்திலிருந்து சைக்கிளில் வந்த அலுவலர். செயலாளராகிய நான். அதற்குக் கீழே, வராதோர் என்று கோடிட்டு, மூன்று பேர்: கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கின் வள்ள முதலாளியான சம்மாட்டியார், கோயில் மூப்பர், அந்தப் பங்குப் பெண்களின் சார்பில் சபையில் இருந்த அக்கா. அவர்கள் ஏன் வரவில்லை என்று எழுத அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது. காரணமும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதவில்லை.

எங்கள் ஊர் சண்டிலிப்பாய்ப் பக்கம். தோட்டங்கள் முடிந்து, வயல்கள் முடிந்து, ஒன்றும் முளைக்காத உவர்நிலம் தொடங்கும். அதையும் தாண்டினால் பரவைக்கடல். நடுவில் போய் நின்றாலும் இடுப்புக்கு மேல் நீர் ஏறாது. அதன் கரையில் ஒருகாலம் கண்டல் மரங்கள் அடர்ந்து நின்றனவாம். விறகுக்கும் வலைத்தடிக்கும் அவை போய்க் கரை வெறுமையான பிறகு, எங்கள் கிணறுகளில் உவர் ஏறத் தொடங்கியது. கடற்கரைக்காரருக்கு இறால் குறைந்தது. இரண்டு தோட்டக்கார ஊர்களும் ஒரு கத்தோலிக்கக் கடற்றொழில் பங்கும் சேர்ந்து பரவைக்கரைக் காப்புச் சபையைத் தொடங்கியது அப்படித்தான். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காத ஊர்கள் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடித்ததை விதானையார் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் வண்டில்களில் தொலைவிலிருந்து கண்டல் காய்கள் வந்தன. முருங்கைக்காய் போல நீண்டு, நுனி கூராக இருக்கும். சேற்றில் குத்திவிட்டால் அதுவே கன்று. குத்தும்போது இரண்டு பக்கத்தாரும் நின்றார்கள். பிறகு ஐந்து வருடமும் அந்தக் கன்றுகளைக் காத்தது கடற்கரைப் பெண்கள் பதினொரு பேர். முறை வைத்து வந்து ஆடுமாடு கலைத்தார்கள். மாரி முடியக் கன்றுகளில் படிந்து அவற்றைச் சாய்க்கும் பாசியைக் கையாலே வழித்து எறிந்தார்கள்.

அந்தப் பதினொருவருக்கும் முன்னுக்கு நின்றவர்தான் அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். யுத்தத்தால் ஆழக்கடலுக்குப் போகத் தடை வந்த முதல் வருடமே, தடையை மீறிப் போன அவருடைய கணவரின் வள்ளம் தனியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஆளும் உயிரில்லாமல் கரைக்கு வந்தார். அதன்பின் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு பரவைக்கடலில்தான் இருந்தது. கண்டல் வேர்களுக்கிடையே ஒதுங்கும் இறாலை, குனிந்து, நீருக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிப் பிடிப்பார்கள். வலையோ வள்ளமோ வேண்டாம். மரம் மட்டும் வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தேவை வேறு. பொருளாதாரத் தடையால், யூரியா ஒரு கிலோவும் தாண்டிக்குளம் இராணுவச் சாவடியைத் தாண்டி வராத காலம் அது. உரம் இல்லாத தோட்டத்துக்குக் குழைதான் கதி. இலையும் இளங்கிளையுமாக வெட்டி வந்து சாலில் போட்டு மண்ணால் மூடிவிட்டால், அது அழுகிப் பயிருக்கு ஊட்டம் ஆகும். வேலிப் பூவரசையும் கிளுவையையும் வருடா வருடம் மொட்டையடித்துக் குழை எடுத்துப் பழகியவர்கள் நாங்கள். மூன்று வருடமாக எல்லோரும் வெட்டி வெட்டி, வேலிகளிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. சபை தொடங்கியபோதே ஒரு பேச்சு இருந்தது: ஐந்தாம் வருடம் மதிப்பீடு செய்து, மரங்கள் நன்றாக வந்திருந்தால், தோட்டக்காரருக்குக் குழையில் பங்கு கொடுப்பதா என்று எல்லோரும் இருந்து முடிவெடுப்பது.

மதிப்பீட்டைச் செய்தவன் நான். என் அப்பா குத்தகைக் காணியில் மிளகாயும் வெங்காயமும் வைத்தவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதனால்தான் சபை என்னைச் செயலாளராக வைத்தது. உதவி நிறுவனம் தந்த படிவத்தை நான் வேதம் போலக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அதில் நான்கு நிரல்கள்: நட்டது, உயிருடன் உள்ளது, இறந்தது, உயரம்.

மூன்று நாள் எண்ணினோம். அக்கா முன்னே, நான் பின்னே. முதல் நாளே முழங்கால்வரை சேற்றில் புதைந்து, காலை இழுத்தால் செருப்பு வராமல், செருப்பை இழுத்தால் நான் விழுந்து, படிவத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "படிச்ச கால் இல்லையோ, தம்பி. சேறு மரியாதையாப் பிடிச்சு வைச்சிருக்குது" என்றார். கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு மரத்தையும் வளர்த்தவளின் பெயரால் அடையாளம் சொன்னார். இது மச்சாளின் மரம், இது கடைக்காரியின் மரம், இது சோம்பேறி ஒருத்தியின் மரம், அதுதான் கோணல். எனக்கு இலக்கம்தான் வேண்டியிருந்தது. நான் சோக்குக் கட்டியால் இலக்கம் போட்டேன்.

மூன்றாம் நாள், வரிசையின் கடைசியில், இடுப்பளவில் வெட்டுப்பட்டுக் கறுத்து நின்ற ஒரு கட்டையின் அருகில் அவர் நின்றார். இரண்டு வருடம் முன்பு யாரோ தடிக்காக வெட்டியதாம். நான் இறந்தது நிரலில் ஒன்று என்று கோடு கீறினேன்.

"ஏன் செத்தது எண்டும் எழுதுங்கோ, தம்பி" என்றார் அவர். "உது பூவரசு இல்லை. உதின்ரை தலையை எடுத்தா உது பிறகு துளிர்க்காது."

எல்லா மரமும் அப்படியா என்று கேட்டேன். ஒரு கட்டையை வைத்து எப்படிச் சொல்வது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடம் எனக்குப் படிப்பித்தது அதைத்தான். அவர் அந்தக் கட்டையைத் தட்டிக்காட்டி, "மற்றதுகளையும் வெட்டிப் பாத்தோ உங்களுக்குக் காட்டுறது?" என்றார். நான் அவர் சொன்னதை என் துண்டுக் கொப்பியில் பென்சிலால் குறித்தேன். குறித்ததை அவர் பார்த்தார்.

கூட்டத்துக்கு நாள் வைத்தது தலைவர். அவர் எதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பவர். அட்டமி, நவமி, கரிநாள் எல்லாம் கழித்து, மிளகாய் நடுகைக்கு முன் ஒரே ஒரு நல்ல நாள்தான் மிஞ்சியது. கார்த்திகைக்கு முன் வரும் அந்த நாளைக் குறித்த கடிதத்தை நானே கடற்கரைக்குக் கொண்டுபோனேன். மூப்பர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, அன்று செத்தவர்களுக்காகச் செபிக்கும் ஆத்துமாக்கள் நாள் என்றார். பங்கு முழுவதும் கல்லறையில் நிற்குமாம். திரும்பி வந்து தலைவரிடம் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தை மறுபடி எடுத்து விரலால் தடவினார். அவருடைய பஞ்சாங்கத்தில் ஆத்துமாக்கள் நாள் இல்லை.

"அவைக்கு அறிவிச்சாச்சு. வராட்டில் சம்மதம் எண்டுதானே கருத்து" என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர். அந்த வருடம் அவருடைய வெங்காயம் விரல் நகம் அளவில்தான் விளைந்திருந்தது. என் அப்பாவினதும் அப்படித்தான்.

கூட்டத்தில் நான் வாசித்தேன். நட்டது அறுநூற்று நாற்பது, உயிருடன் உள்ளது ஐந்நூற்று எண்பத்து மூன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்றதும் அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இப்படி ஒரு முன்னேற்றத்தைத் தான் வேறெங்கும் காணவில்லை என்றார். அறிக்கை தெளிவாக இருப்பதாகவும் சொன்னார். எனக்குக் காது சூடேறியது. அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என் எழுத்தை அப்படிப் புகழ்ந்ததில்லை. பிறகு தலைவர் குழையைப் பற்றிக் கேட்டார். மரம் ஆளுயரத்துக்கு மேல் வந்துவிட்டது, வெட்டினால்தான் இன்னும் செழிக்கும், பூவரசைப் பார்க்கவில்லையா என்றார். அலுவலர் என் பக்கம் திரும்பி, கரைப் பகுதியார் ஏதும் ஆட்சேபம் சொன்னார்களா என்று கேட்டார்.

துண்டுக் கொப்பி என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு கட்டை பற்றி ஒரு பெண் சொன்ன ஒரு பேச்சு. அதற்குப் படிவத்தில் நிரல் இல்லை. இப்படியெல்லாம் நான் அப்போது யோசித்ததாக இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிவந்தேன். உண்மை வேறு. மதில் ஓரமாக என் அப்பா நின்றுகொண்டிருந்தார். வண்டில் வாடகைக்குப் பேசிவிட்டு, முடிவு கேட்க வந்திருந்தார்.

"எழுத்திலை ஒண்டும் தரேல்லை" என்று சொன்னேன்.

ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரங்களில் தோட்டக்காரர் குழை எடுக்கலாம் என்று எல்லோருடைய சம்மதத்தோடும் தீர்மானிக்கப்பட்டதாக அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் விடிய வண்டில்கள் போயின. வேலியில் செய்வது போலவே செய்தார்கள். எவரும் வேண்டுமென்று ஒன்றையும் அழிக்கவில்லை. நெஞ்சளவில் சுத்தமாக, சரிவாக, மழைநீர் தேங்காதபடி வெட்டினார்கள். பூவரசுக்கு அப்படித்தான் வெட்ட வேண்டும். அக்காவும் பெண்களும் ஓடி வந்தபோது அரைவாசி முடிந்திருந்தது. தலைவர் தீர்மானத்தைக் காட்டினார். அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். வாசித்தார். கடைசியில் என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து என் பக்கம் திரும்பினார். அப்பாவுக்கு இரண்டு வண்டில் கிடைத்தது.

ஒரு மாதத்தில் பூவரசு துளிர்க்கும். நான் ஒரு மாதம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு மாதம் பொறுத்தும் போனேன். தைப்பொங்கல் கழிந்து போனபோது பட்டை உரிந்து, கட்டைகள் எல்லாம் அந்த ஒரு கட்டையைப் போலக் கறுத்திருந்தன. வேர்கள் மட்டும் சேற்றை விடாமல் பிடித்திருந்தன. நீர் தெளிந்திருந்தது. ஒதுங்க நிழல் இல்லாததால் அங்கே இறாலும் ஒதுங்கவில்லை.

அந்தப் போகம் எங்கள் மிளகாய் நன்றாகக் காய்த்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கஷ்டம். பல வருடங்களில் அப்படிக் காய்த்ததில்லை. பழம் ஆயக் கூலிக்கு ஆள் போதாமல், அப்பா சொல்லி அனுப்பியதில், கடற்கரையிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். ஐந்தாவதாக வரம்பில் இறங்கியவர் அக்கா. நான் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். பத்து மணிக்கு அம்மா தேநீர் கொடுத்து அனுப்ப, நான்தான் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர் சாலின் ஓரத்தைக் கால்விரலால் கிளறிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் இருந்து ஒரு கண்டல் இலை வந்தது. தோல் போல் தடித்த இலை, அரைவாசி அழுகியிருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தேநீரை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நல்ல மண்தான் தம்பி. எங்கடை பிள்ளையளின்ரை அஞ்சு வருஷச் சோறுதானே இஞ்சை காய்ச்சுக் கிடக்குது."

குரலில் கோபம் இல்லை. துண்டுக் கொப்பியில் பென்சிலால் குறித்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்து பழம் ஆயத் தொடங்கிவிட்டார்.

இதை நான் கொடிகாமத்தில், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இராணுவம் முன்னேற, எங்கள் வலிகாமத்துச் சனம் எல்லாம் இங்கால் இடம்பெயர்ந்து வந்துவிட்டது. எங்கள் தோட்டமும் அந்தக் கரையும் எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அக்கா எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறார் என்றும் தெரியாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருவர் படிவக் கட்டு ஒன்றோடு வந்து, எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். குடும்பம், ஆட்கள், வயது, தேவை. நான்கு நிரல்கள். ஒரு கிழவர் மகளைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். படிவத்தைத் திருப்பி, அவர் சொன்னது முழுவதையும் பின்பக்கத்தில் எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஊரில் இருந்தபோதே, அந்த மிளகாய் முடிந்த பிறகு, நான் இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை. கடற்கரைக் கோயில் முற்றத்துக்குப் போய், அக்காவின் முன்னே கொப்பியை வைத்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மூப்பர்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"முதல்லை, அண்டைக்கு நாங்கள் எங்கை நிண்டனாங்கள் எண்டு எழுதுங்கோ" என்றார் அக்கா.

கல்லறையில் நின்றார்கள் என்று எழுதினேன். செயலாளருக்கு அது முன்பே தெரியும் என்றும், மரம் துளிர்க்காது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது என்றும் அடுத்து எழுதினேன். அக்கா வாசித்து, தலையை ஆட்டினார். பிறகு பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் மரங்களைச் சொல்லச் சொல்ல எண்ணிக்கையை எழுதி, மூன்று பிரதி எடுத்து, தலைவருக்கும் விதானையாருக்கும் உதவி நிறுவனத்தின் நகரத்துக் கந்தோருக்கும் கொடுத்தேன். எவரிடமிருந்தும் பதில் வரவில்லை. சபையும் அதன்பின் கூடவில்லை. அறிக்கையின் கடைசி வரிகள் இவை: எங்கள் ஊர்களுக்குக் கிடைத்தது பதினான்கு வண்டில் குழை, ஒரு போகத்துக்கு. அதற்குப் போனது ஐந்நூற்று முப்பத்தொரு மரம். பதினொரு பெண்களில் ஒன்பது பேரின் தொழில்.