மெர்லினின் பெப்பர் ஸ்ப்ரே

மெர்லினை நாய் கடித்தது மூன்று தடவை. மூன்றும் வேலைக்குப் போன இடத்தில்தான். வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். ஊருக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு, தனக்கு ஊசி போட வரிசையில் நிற்கிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியாகக் கடித்தது காமயகவுண்டன்பட்டி சுப்புத்தாய் வீட்டு நாய். அசல் கோம்பை இன வேட்டை நாய். தென்னந்தோப்புக்குள் ஒற்றை வீடு. சுப்புத்தாய்க்குச் சர்க்கரை, வலது பாதத்தில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டியதாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாய்க்குப் பயந்து மெர்லின் போகாமல் இருக்க முடியுமா?

“அக்கா, நான் வர்ற நேரம் மட்டுமாச்சும் கட்டிப் போடுங்கக்கா.”

“அது வாயில்லா சீவன் ஆத்தா. கட்டுனா சோறு திங்காது. நீ பயப்படாம வா, ஒண்ணும் செய்யாது.”

கடித்த பிறகும் இதே பேச்சுத்தான். மனுசிக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்க வேண்டாமா? இரண்டு வருசமாகக் கேட்டுக் கேட்டு மெர்லினுக்கு அலுத்துப்போயிற்று.

அவள் புருசன் இமானுவேல்தான் கம்பம் டவுனில் பெப்பர் ஸ்ப்ரே வாங்கி வந்து கொடுத்தான். “மூஞ்சியப் பாத்து ஒரு அமுக்கு. அம்புட்டுத்தான்” என்றான்.

ஆனி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று கொடியில் ஒரு துணி தங்கவிடாது. மெர்லின் ஸ்கூட்டியை நிறுத்தியதுமே நாய் பாய்ந்து வந்தது. பதற்றத்தில் காற்று எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது? அமுக்கிவிட்டாள். பாதி நாய்க்கு, பாதி அவளுக்கே. நாய் கத்திக்கொண்டு உருண்டது. மெர்லின், “ஏசுவே, எரியுதே!” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்புத்தாய் நொண்டிக்கொண்டே குடத்தோடு ஓடி வந்தாள். மொத்தத் தண்ணீரையும் நாயின் கண்ணில் ஊற்றிக் கழுவினாள். “எம்புள்ள கண்ண அவிச்சுட்டியேடி பாவி!” அடுத்த குடம்தான் மெர்லினுக்கு.

அன்றும் கட்டு மாற்றிவிட்டுத்தான் மெர்லின் போனாள். சண்டை போட உடம்பில் தெம்பில்லை.

அடுத்த முறை போனபோது, நாய் தென்னை மரத்தில் சங்கிலியோடு கிடந்தது. மெர்லினுக்கு நம்பவே முடியவில்லை. மனசு இளகிவிட்டது.

“அக்கா, நீங்களா கட்டுனீக? இப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு.”

சுப்புத்தாய் காலை நீட்டினாள்.

“பின்ன? ஒன்னய நம்பி அத எப்படி அவுத்து விடுறது?”

மெர்லின் குனிந்து பழைய கட்டைப் பிரித்தாள்.