ஒரே பெயரில் இரண்டு பண்ணைகள்

நாமக்கல்லில் கோழி நோய்களை ஆராயும் ஒரு சின்ன ஆய்வகத்தில் எனக்குக் கணினி வேலை. சர்வர் அறையில் நான் மட்டும்தான். பல நாள் யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும்.

அன்று, சுற்றுவட்டப் பண்ணைகளில் செத்துக்கொண்டிருந்த கோழிகளிடமிருந்து எடுத்த வைரஸ்களின் மரபணு வரிசைகளைச் சேர்த்து டேட்டாபேஸ் உருவாக்கிக்கொண்டிருந்தேன். அது முடிந்தால்தான் எந்தத் தடுப்பூசி போடுவது என்று சொல்ல முடியும். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பிழைச் செய்தி: ஒரு பெயர் இருமுறை வருகிறது. வரிசைகளுக்குப் பண்ணைப் பெயரையே வைத்திருந்தேன். ஒரே பண்ணையின் சாம்பிள் இருமுறை வந்துவிட்டது என்று நினைத்து ஒன்றை அழிக்கப் போனேன். எதற்கும் கேட்டுவிடலாமென்று அந்தப் பெயரில் பண்ணை வைத்திருந்த மல்லசமுத்திரத்துக்காரருக்குப் போன் செய்தேன்.

“அழிச்சுப்போடாதீங்க மேடம். இன்னொண்ணு எங்கண்ணன் பண்ணைங்க, வேலிக்கு அந்தப் பக்கம். பாகம் பிரிச்சும் ரெண்டு பேரும் அப்பா பேரைத்தானுங்க வெச்சிருக்கறோம்.” பிறகு, “அங்கயும் சாவுதுங்களா?” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“பேச்சுவார்த்தை இல்லைங்க.”

பெயர்களோடு மூத்தவர், இளையவர் என்று சேர்த்தேன். டேட்டாபேஸ் உருவானது. இருவரின் வரிசைகளும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாகவே இருந்தன.

முடிவைச் சொல்ல அண்ணனை அழைத்தேன். அவர் தடுப்பூசியைப் பற்றிக் கேட்கவில்லை. “எந்தம்பி பண்ணையிலயும் சாவுதுங்களா?” என்றுதான் கேட்டார்.

என்னைப் பற்றி யாராவது யாரிடமாவது அப்படி விசாரித்திருப்பார்களா? சர்வரின் இரைச்சலைக் கேட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.