இன்ஸ்பெக்ஷன் நாளின் முதல் பெஞ்சு

உப்புக்காற்று தின்ற இரும்பு பெஞ்சில் வியர்த்த கையை வைத்தால் உள்ளங்கையில் செம்பழுப்பாய் ஒட்டிக்கொள்ளும் துருவுக்குத் தனி வாசம் உண்டு. மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருந்த எங்கள் நடுநிலைப் பள்ளியில் படித்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சு கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கிடந்ததால் துரு அதில்தான் அதிகம், என் சீருடைப் பாவாடையின் பின்பக்கத்தைப் பார்த்தே நான் எங்கே உட்காருகிறவள் என்று தெருவில் யாரும் சொல்லிவிடலாம்.

வளைகுடாவில் அப்பாக்கள் இருந்த கூனிமேட்டுப் பிள்ளைகள் மஞ்சள் வேனேறி 'இங்கிலீஷ் மீடியம்' போய்விட்டார்கள், பிரம்மதேசம் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களும் பின்னாலேயே போனார்கள். மிஞ்சியது அனுமந்தை மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உப்பளத்துப் பிள்ளைகளும், 'பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்' என்ற கடைக்கார அத்தாவின் பிடிவாதத்தால் எங்களோடு தங்கிவிட்ட சபீனாவும்தான். அவள் புத்தகத்தை எடுத்தால் நிறுத்தாமல் படிப்பாள். நான் ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறினால் உப்பு விளையும், உப்பு விளைந்தால் அம்மாக்கள் விடியுமுன் பாத்திக்குப் போய்விடுவார்கள், கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். நான் மூத்த பெண். எங்களைப் போன்றவர்களுக்கு ஆசிரியர்கள் காகிதத்தில் எழுதிய பெயர் 'மெல்லக் கற்போர்'. வகுப்பில் அழைத்த பெயர் 'ஸ்லோ'.

அந்தக் கோடையில் இன்ஸ்பெக்ஷன் வரப்போவதாகச் சொன்னதும் எங்கள் டீச்சருக்குத் தூக்கம் போய்விட்டது. நல்லவர்தான், ஆனால் பிள்ளைகள் வாசிக்கத் திணறினால் திட்டு வாங்கப்போவது அவர். முதல் நாள் மாலை எங்களையெல்லாம் எழுப்பி இடம் மாற்றினார். "நீ இங்க வா, மொத பெஞ்சுல உக்காரு. நாளைக்கு எண்ணெ வச்சு, நல்லா தலைய வாரிக்கிட்டு வரணும்" என்றார் என்னிடம். சபீனாவைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியபோது அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். சமீபத்தில் ஒரு பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்திருந்தேன், அதற்குத்தான் இந்த உயர்வு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "எம்மா, டீச்சர் என்ன மொத பெஞ்சுல போட்டுட்டாங்க."

"நெசமாவாடி?" என்றாள் அம்மா. ரெண்டாம் முறையும் கேட்டாள். தம்பியைத் தூக்கிச் சுற்றினாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பாதி வேலையிலேயே வந்து வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றாள், இடுப்பில் தம்பி, முழங்கால் வரை காய்ந்த உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. உள்ளே வந்த ஆபீசர் எங்கள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. நேராகக் கடைசி வரிசைக்குக் கை நீட்டினார். "பின்னாடி ஒளிஞ்சிக்கிறியே, நீ எழுந்திரு. படி."

சபீனா படித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் படித்தான். ஆபீசருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கடைசி பெஞ்சே இந்தப் போடு போட்டா, முன்னாடி இருக்கறவங்கள கேக்கவே வேணாம் போலிருக்குதே" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்துப் பெருமையாய்ச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஜீப் கிளம்பும் சத்தம் அடங்குமுன் டீச்சர் கையைத் தட்டினார். "சரி சரி, அவங்கவங்க பழைய எடத்துக்குப் போங்க. ஸ்லோ எல்லாம் பின்னாடி."

நான் எழவில்லை. என்னைச் சொல்லவில்லை என்று நினைத்தேன். சபீனா வந்து பக்கத்தில் நின்று, "தள்ளு, இது என் எடம்" என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கியவளாக, "ஆபீசருங்க எப்பவும் பின்னாடிதான் கேப்பாங்க, அதான் மாத்தி உக்கார வச்சாங்க. உனக்குத் தெரியாதா?" என்றாள். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு போகும்போது ஜன்னலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, கடைசியில் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. ஜீப் கிளம்பியபோதே அம்மாவும் கிளம்பிவிட்டாள், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து உப்பளத்தில் அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. "எம்பொண்ணு மொத பெஞ்சு. ஆபீசரே சொல்லிட்டாரு, கேக்கவே வேணாம்னு" என்பாள். அவளுடைய கூட்டாளிகள் என் கன்னத்தைத் தடவுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் புகழுக்குப் பயந்தே ராத்திரி பகலாக எழுத்துக்கூட்டி, தட்டுத்தடுமாறி, எப்படியோ நான் படிக்கிறவள் ஆனேன்.

இப்போது அந்தப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் இல்லை. பிள்ளைகள் குறைந்துபோய், இருந்தவர்களை டவுன் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், எங்கள் வகுப்பறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. சபீனா எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று தெரியவில்லை. முழங்கால் தேய்ந்துபோன அம்மா, பாத்திக்குப் போவதை விட்டு என்னோடு வந்துவிட்டாள்.

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். "ஆயா, எங்க மிஸ் என்ன மொத பெஞ்சுக்கு மாத்திட்டாங்க!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கேட்டாள். "ஏம்மா, ஆபீசர் யாராச்சும் வர்றாங்களா?"

அடுப்படியில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு ஜீப் கிளம்பியபோதே அவள் போய்விடவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அத்தனை வருடம் ஊரெல்லாம் அப்படிச் சொல்லித் திரிந்திருக்கிறாள். கேட்டுவிட்டு என் பக்கம் மட்டும் திரும்பாமல், அம்மா அடுத்த தண்டை எடுத்துக் கிள்ளினாள்.