அடுப்பு எரியாத நாளில் ஒரு கட்லா

ஷிப்ரா காக்கிமா மீன் பிடிப்பார், ஆனால் சாப்பிட மாட்டார். வங்காளத்துப் பைத்யபாட்டியில், சித்தி என்ற முறையில் அவரைக் காக்கிமா என்று கூப்பிடும் எங்கள் சந்து முழுக்க இது தெரியும். அவருடைய கணவர் அனாதி கோலே இறந்து, காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் மறுபடி மீன் சாப்பிடத் தொடங்கிய அன்று அவர் மட்டும் தொடங்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விதவை மீன் சாப்பிடக் கூடாது என்று சொல்லக்கூடிய மாமியார் எப்போதோ போய்விட்டார். புனேயில் இருக்கும் மகன் போனில் திட்டினான். எதிர்வீட்டு பேலா அண்ணிகூடச் சொன்னார்:

"இந்தக் காலத்துல யாருடி அதெல்லாம் பாக்கறா? வெறும் பருப்பைத் தின்னுட்டு எப்படி மிஷின் ஓட்டுவே?"

"பழகிடுச்சு" என்றார் காக்கிமா. அவ்வளவுதான்.

மீனை விட்டவர் தூண்டிலை விடவில்லை. வாரம் முழுக்கப் பை தைக்கும் ஒரு தொழிற்கூடத்தில் தையல் மிஷின். ரெக்சினைத் தைத்துத் தைத்து வலது தோள் எப்போதும் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மல்லிக் குளத்தில் தூண்டில் போட டிக்கெட் வாங்கி, மூங்கில் பரணில் உட்கார்ந்துவிடுவார். கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்து எறிவதும், ரொட்டி மாவில் சிவப்பெறும்பு முட்டை பிசைந்து முள்ளில் வைப்பதும் அனாதி உயிரோடு இருந்தபோதே இவர் வேலைதான். மீனும் இவர் தூண்டிலில்தான் அதிகம் விழும். அதைச் சொல்லி அனாதியைக் குளமே கிண்டல் செய்யும்.

காக்கிமா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பிடித்த மீனைத் துடிக்கவிடக் கூடாது. உடனே தலையில் ஓர் அடி. பிறகு அது ஏதாவதொரு வீட்டில் சமைக்கப்பட வேண்டும். செதிலும் குடலும் தவிர எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. "ஒரு மீனாவது வீணாப் போச்சுன்னா அன்னிக்கே தூண்டிலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். அப்படி ஒன்றும் போனதில்லை. பேலா அண்ணியின் வீட்டில் ஆறு பேர். ஞாயிறு மாலை வாசலில் இவர் நிழல் தெரிந்தாலே அண்ணி அரிவாள்மணையை எடுத்துப் போட்டுவிடுவார்.

போன பாத்ர மாதக் கடைசியில், செப்டம்பர் நடுவில்தான் அது நடந்தது.

துர்கா பூஜைக்கான பைகளுக்கு ஆர்டர் குவிந்திருந்ததால் தொழிற்கூடத்தில் இரவு வரை வேலை. விஸ்வகர்மா பூஜையன்று மிஷின்களுக்குப் பொட்டு வைத்து விடுமுறை விட்டார்கள். முந்தைய நாள் காக்கிமா வீட்டுக்கு வந்தபோது சந்தில் எல்லா வீட்டிலும் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பூஜைக்கு முன்தினம் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, முகம் கழுவாமலே படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் எழுந்து நேரே குளத்துக்குப் போனார்.

குளத்தில் கூட்டமே இல்லை. அது அவருக்கு நல்லதாகத்தான் பட்டது. வானம் நிறையப் பட்டங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் மட்டும் எதிர்க்கரையில் இருந்தார்கள். மீனைப் பிடிப்பார்கள், கையில் ஏந்திப் படம் எடுப்பார்கள், ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். குளத்துக்காரர் பிஷு மல்லிக்குக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். அதே மீனை அவர் மறுபடி இன்னொருவருக்கு விற்கலாம் அல்லவா?

பிற்பகலில் காக்கிமாவின் தக்கை ஒருமுறை சாய்ந்தது. பிறகு காணாமல் போனது. தங்கூசி நரம்பு விரலை அறுக்கும்படி ஓடியது. வலது தோள் வலியோடு வெகுநேரம் போராடி அவர் கரைக்கு இழுத்தது ஒரு கட்லா. மூன்று கிலோவுக்குக் குறையாது. இளைஞர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் சொன்னான்:

"மாஷிமா, விட்டுடுங்க. ஒரு படம் எடுத்துக்கறோம். அதுவும் உயிரோட இருக்கும், நீங்களும் சந்தோஷமாப் போலாம்."

"அதுக்கும் சந்தோஷமான்னு கேட்டியா?"

"சாகறதுக்கு இது பரவாயில்லையே!"

"விருந்துக்குக் கூப்பிட்டு, வாயில கம்பியைக் குத்தி, படம் புடிச்சு, போய்ட்டு வான்னு அனுப்பறது என்னப்பா மரியாதை? நேராக் கொன்னு சாப்பிட்டாலாவது ஒரு அர்த்தம் இருக்கு."

"அப்ப நீங்க சாப்பிடப் போறீங்க?"

பிஷு சிரித்துவிட்டார். "அவங்களா? நல்ல ஆளைக் கேட்டே!"

"எங்க சந்துல சாப்பிடுவாங்க" என்றார் காக்கிமா. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "பிஷு, அடி."

பிஷு தடியால் அடித்தார். மீன் அடங்கியது. வாழை நாரில் அதைக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "இன்னிக்கு யாருக்கு அண்ணி? உங்க சந்துல அரந்தனாச்சே."

காக்கிமா அப்படியே நின்றுவிட்டார். அரந்தன் அன்று அடுப்பு மூட்டக் கூடாது. முதல்நாளே சமைத்துவைத்து, மறுநாள் முழுக்க ஆறிய சோறும் ஆறிய கறியும்தான். அடுப்பைக் கழுவி, கோலமிட்டு, பாம்புகளின் தெய்வமான மானசா தேவிக்குப் படைத்து வைத்திருப்பார்கள். தனியாளாக ஆன பிறகு காக்கிமா இதைச் செய்வதில்லை. அதனால் நாளே மறந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நான் டிக்கெட் விக்கறவன். பஞ்சாங்கமா விக்கறேன்?"

"நீயே வெச்சுக்கோயேன்."

"எங்க வீட்லயும் அதேதான் அண்ணி. மார்க்கெட்ல கூட ஒருத்தனும் கடை போடலை."

பேலா அண்ணியின் வீட்டு வாசலில் அண்ணி கை நீட்டவில்லை.

"ஐயோ, என்னடி இது! இன்னிக்குப் போய் மீனா?"

"மறந்துட்டேன். பிரிட்ஜுல மட்டும் வெச்சுக்கோ. நாளைக்கு சமைச்சுக்கலாம்."

"பிரிட்ஜு பூரா சாமிக்குப் படைச்சது. அதுக்குப் பக்கத்துல பச்சை மீனா? என் மாமனார் எந்திரிச்சு வந்து அடிப்பார்." மாமனார் உள்ளேயிருந்து இருமினார். அண்ணி குரலைத் தாழ்த்தினார். "ஆறின கொழுக்கட்டை தரேன், எடுத்துட்டுப் போ. மீன் வேணாம்."

சந்தில் இன்னும் மூன்று வீடுகளிலும் இதே பதில். கடைசியில் இருப்பது சசீந்திர பாபுவின் வீடு. அவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள், அரந்தன் கிடையாது. வாசலிலேயே கடுகு தாளித்த வாசனை வந்தது. காக்கிமாவுக்கு உயிர் வந்தது.

சசீந்திர பாபு மீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல மீன்தான். ஆனா ஷிப்ரா, இலிஷ் மீன் வெந்துட்டிருக்கற வீட்டுக்குக் கட்லாவா எடுத்துட்டு வருவாங்க? உங்க ஆளுங்களுக்கு மீன் புத்தியே கிடையாது."

"நாளைக்கு சாப்பிடுங்க."

"நாளைக்கும் இலிஷ்தான். பிரிட்ஜைத் திறந்தா மேல விழும். வேணும்னா தலையைக் குடுத்துட்டுப் போ."

"தலைக்காக ஒரு மீனா? முழுசா எடுத்தா எடுங்க."

"கோவம் வேற!" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார்.

காக்கிமாவிடம் பிரிட்ஜ் இல்லை. தனியாளுக்கு எதற்கு என்று பழுதானதை விற்றுவிட்டார். பாத்ர மாதப் புழுக்கத்தில் மீன் காலைவரை தாங்காது. முற்றத்தில் அதைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தூண்டிலையும் பக்கத்தில் வைத்தார். சொன்னபடி ஒடிக்க வேண்டியதுதான். ஒடித்தாலும் மீன் வீணாகத்தான் போகும். வாரத்தில் நிம்மதியாக மூச்சுவிடும் ஒரே நாளும் அதோடு போய்விடும்.

நெடுநேரம் அசையவில்லை. ஈ மொய்க்கத் தொடங்கியது. பிறகு எழுந்து அரிவாள்மணையைக் கழுவினார். செதில் சீவினார், துண்டு போட்டார், மஞ்சளும் உப்பும் தடவினார். அடுப்பைப் பற்றவைத்தார்.

எண்ணெய் சத்தம் கேட்டதும் பேலா அண்ணி ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"ஏய் ஷிப்ரா! அடுப்பா மூட்டினே?"

"ஆமா."

"சந்து மொத்தமும் அரந்தன்ல இருக்கு! பாம்பு வரும்டி!"

"வந்தா ஒரு துண்டு குடுக்கறேன்."

"கிண்டலா? நல்லாக் கேட்டுக்கோ. இன்னிக்கு எரிஞ்ச அடுப்புல வறுத்தது நாளைக்கும் எங்க வீட்டுக்குள்ள வராது. எதுக்கு இவ்வளவு வறுக்கறே? யார் சாப்பிடப் போறா?"

"நான்தான்."

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபம் அடுப்பின் மேல்தான். விதவை மீன் தின்பது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இத்தனை வருடத்துப் பிடிவாதம் ஒரு கரண்டி எண்ணெயில் போய்விடும் என்று எதிர்பார்க்கவில்லை.

"நான் சொன்னப்ப கேக்கலை. இப்ப என்ன திடீர்னு?"

காக்கிமா துண்டைத் திருப்பிப் போட்டார். "தூண்டில் போடற ஆசை என்னோடது. பாவத்தை மட்டும் உங்க தட்டுல வெச்சிட்டிருந்தேன். நான் சாப்பிடலைங்கறதால எனக்கு அதுல பங்கில்லைன்னு நெனச்சேன். இன்னிக்கு வாங்கிக்க ஆளில்லைன்னதும் தெரியுது, யார் அடிச்ச மீன்னு."

"பிஷுதானே அடிச்சான்?"

"அடின்னது நான்தானே."

முதல் துண்டை அவர் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டார். சேற்று வாடை இருந்ததாம். இத்தனை நாள் ஏதோ பெரிதாக இழந்ததாக எண்ணியது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிந்ததாம். பிற்பாடு ஒருநாள் முற்றத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னார். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. தொழிற்கூடத்தில் கையைத் தைத்துக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மூன்று கிலோ மீன் ஒருவருக்கு லேசில் தீராது. மறுநாள் டிபனுக்கு எடுத்துப் போனார். இரவு குழம்பு வைத்தார், அதற்கடுத்த நாள் அதையே சூடாக்கினார். தொழிற்கூடத்துப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம். அதை மட்டும் செய்யவில்லை. மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்தாலே வயிறு கனப்பது தெரிந்தது. பேலா அண்ணிக்கே பாவமாகிவிட்டது. ஜன்னலிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"இன்னும் முடியலையா?"

"வால் பக்கம் ரெண்டு துண்டு இருக்கு."

"நாய்க்குப் போடேன்டி. யார் கேக்கப் போறா?"

"நான்தான் கேப்பேன்."

"ஞாயித்துக்கிழமை மறுபடி போவியா?"

காக்கிமா எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டார். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"மீன் சாப்பிடணும்னு தோணினா போறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோன்றவில்லை. அடுத்ததிலும் தோன்றவில்லை. காளி பூஜை கழிந்து, குளிர் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் எறும்பு முட்டை வாங்க மார்க்கெட்டுக்குப் போனார்.